மழையும் பனியும் உள்ள நாளில் கோழிக்குஞ்சை எப்போது வெளியே விடலாம்?

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் புறக்கடையில் கோழி வளர்ப்பவர்களுக்குத் தீபாவளி நெருங்கும்போது ஒரு சங்கடம் வரும். புரட்டாசியில் பொரித்த குஞ்சுகளுக்கு அப்போது நாலு, ஐந்து வாரம் ஆகியிருக்கும். வைத்திருந்த அட்டைப்பெட்டி போதாது. திண்ணை ஓரத்தில் நாற்றம் ஏறும். வீட்டில் முணுமுணுப்பு கிளம்பும். வெளியே விட்டுவிடலாம் என்று பார்த்தால் வானம் மூடிக்கொண்டு நிற்கும். விடுவதா, இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பதா?

காலண்டரைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. குஞ்சின் இறகையும், அது படுக்கப்போகும் தரையையும் பார்க்க வேண்டும். இறகு நிறைந்து, தரையும் காய்ந்திருந்தால் மார்கழிப் பனியிலும் தைரியமாக விடலாம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஒரு வாரம் பொறுப்பதே லாபம்.

நம் ஊர்க் குளிர் எப்படிப்பட்டது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். கடலூரில் தை பிறக்கும் சமயம் விடியற்காலை வெப்பம் சராசரியாக 20, 21 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும். நமக்குப் போர்வை தேடும் குளிர்தான். ஆனால் பனி கொட்டும் நாடுகளில் வளர்ந்த கோழிகள் உறைநிலைக்குக் கீழேயும், காய்ந்த கொட்டகையும் வயிறு நிறையத் தீனியும் இருந்தால் தாக்குப்பிடிக்கின்றன. வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டை வெளியே விடாமல் காப்பது இறகுகளுக்கு இடையில் தங்கியிருக்கும் காற்று. இறகு நனைந்தால் அந்தக் காற்று போய்விடும். மேலே வாடையும் அடித்தால் கொஞ்ச நேரத்தில் குஞ்சு விறைத்துவிடும். ஆக, இந்தப் பக்கத்தில் குஞ்சைக் கொல்வது பெரும்பாலும் ஈரம். குளிர் அதற்குத் துணைக்கு வருவது.

ஈரத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. கார்த்திகை தாண்டினால் மழை விட்டுவிடும் என்று நம்பிக் கூட்டைத் திறந்து விடுபவர்கள் உண்டு. ஆனால் தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று; அதாவது மார்கழி பாதியில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில். 2015-ல் நவம்பரிலேயே வெள்ளம் சூழ்ந்தது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு, டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணை பெருகிக் கடலூரைச் சூழ்ந்தது. புயல் வந்தால் கோழிக்கூடு நம் கவனத்தில் கடைசியாகத்தான் நிற்கும். அதனால் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவிட வேண்டும்.

சூட்டின் கணக்கு

பொரித்த குஞ்சுக்கு முதல் பத்து, பதினாலு நாள் வரை தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாய்க்கோழி இருந்தால் அது இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். நமக்கு வேலை இல்லை. மெஷினில் பொரித்த குஞ்சு என்றால் தாயின் வேலையை பல்பு செய்ய வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். இந்தக் கணக்கில் ஐந்தாம் வாரம் 23 டிகிரி வரும். ஆறாம் வாரம் 20. நவம்பரில் கடலூரின் இரவு வெப்பம் சராசரியாக 23-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஐந்து வாரக் குஞ்சும், மார்கழி, தையில் ஆறு வாரக் குஞ்சும் பல்பு இல்லாமல் இரவைக் கழிக்கலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. நனையாமல் இருந்தால் மட்டும்.

பல்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் என்பது பழைய கணக்கு. இருபத்தைந்து, முப்பது குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு போதும் என்பார்கள். அது இழை சூடாகி எரியும் குண்டு பல்புக்கான கணக்கு. இப்போது கடையில் கேட்டால் எல்.இ.டி. பல்பைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. வெளிச்சத்தைப் பார்த்து நாம் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். குஞ்சுகள் அதன் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிக் கிடக்கும். குண்டு பல்பு கிடைக்காவிட்டால் கோழிப்பண்ணைப் பொருள் விற்கும் கடைகளில் அகச்சிவப்பு பல்பு கிடைக்கும். ஆனால் அது நன்றாகக் கொதிக்கும். கூரை வேய்ந்த கொட்டகையில் அதை வெறும் ஒயரில் தொங்கவிடக் கூடாது. சங்கிலியோ கம்பியோ போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும்.

சூடு சரியா என்று குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்குக் கீழே முட்டிமோதிக் கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்துகொண்டு நின்றால் வேகிறது. எல்லா இடத்திலும் பரவலாகப் படுத்துக் கிடந்தால் சரி. ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால் எதிர்ப்பக்கத்தில் காற்று நுழையும் சந்து இருக்கிறது என்று பொருள். அதைத் தேடி அடைக்க வேண்டும்.

புயல் நாளில் கரண்ட் போய்விட்டால்? வெந்நீரை பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றி, பழைய துணியைச் சுற்றி, குஞ்சுகளுக்கு நடுவில் படுக்கவைக்கலாம். ஆற ஆற மாற்ற வேண்டும். இடத்தைச் சுருக்கிவிடுவதும் உதவும்; சின்னப் பெட்டியில் குஞ்சுகளின் சூடே குஞ்சுகளைக் காக்கும். கரிச்சட்டி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. மூடிய அறையில் அதை வைத்தால் நச்சுப் புகை குஞ்சையும் கொல்லும், அதே அறையில் படுத்திருக்கும் மனிதரையும் கொல்லும். வேண்டவே வேண்டாம்.

இறக்கையைத் தூக்கிப் பாருங்கள்

ஐந்து வாரக் குஞ்சை மேலிருந்து பார்த்தால் கோழி மாதிரியே இருக்கும். இறக்கை இருக்கும், வால் முளைத்திருக்கும், முதுகு மூடியிருக்கும். அதை நம்பக் கூடாது. குஞ்சைக் கையில் எடுத்து ஒரு இறக்கையை விரித்துத் தூக்குங்கள். இறக்கைக்குக் கீழே விலாவில் வெறும் தோல் தெரிகிறதா? வயிற்றுப் பக்கம் இன்னும் பஞ்சு மாதிரி பிறந்தமயிராகவே இருக்கிறதா? தலையிலும் கழுத்திலும் முள் முள்ளாக இறகுக்குருத்து குத்திக்கொண்டு நிற்கிறதா? மூன்றில் எது இருந்தாலும் அந்தக் குஞ்சு இரவில் வெளியே போகத் தயாராகவில்லை. முதலில் இறக்கையிலும் வாலிலும் இறகு வரும். வயிறும் தலையும் கடைசியில்தான் மூடும். பெரும்பாலும் ஆறு வாரத்தில் முடியும். சில குஞ்சுகளுக்கு ஏழு, எட்டு வாரம்கூட ஆகும்.

இனத்துக்கு இனம் இது மாறும். கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக்கோழி சித்திரை வெயிலைத் தாங்குவதில் கெட்டிக்காரி. உடம்பு முழுக்கவே இறகு குறைவு என்பதால்தான் அந்தச் சாமர்த்தியம். அதே காரணத்தால் அடைமழையில் அதற்குக் கூடுதலாக இரண்டு வாரம் கொடுக்க வேண்டும். நீள்கால் அசீல் குஞ்சுகளும் இறகு மூடக் கொஞ்சம் தாமதிக்கும். சிறுவிடைக் குஞ்சு உருவத்தில் சிறியது. ஆனால் தாயோடு வளர்ந்திருந்தால் எல்லாவற்றையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

கிராமப்புறப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு வழங்கிய அரசுத் திட்டங்களில் நாலு வாரக் குஞ்சுகளைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அப்படிக் குஞ்சு கிடைத்தால், நாலு வாரம்தான் ஆகிவிட்டதே என்று வந்த அன்றைக்கே முற்றத்தில் விட்டுவிடாதீர்கள். அதுவரை கதகதப்பான அறையில் இருந்த குஞ்சுகள் அவை. இன்னும் இரண்டு வாரமாவது இரவில் அறைக்குள் அல்லது பல்புச் சூட்டில் இருக்க வேண்டும். தெருவில் வண்டியில் வைத்து விற்கும் கலர்க் குஞ்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை: அவை முட்டைக்கோழிப் பண்ணைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். பெரும்பாலும் ஒரு வாரம்கூட ஆகாதவை. சாயத்தில் முக்கி எடுக்கும்போதே ஒருமுறை நனைந்து குளிர்ந்தவை. கார்த்திகை மழையில் குழந்தை அழுகிறதே என்று வாங்கிக்கொடுத்தால், மறுநாள் குழந்தை வேறு காரணத்துக்காக அழும்.

தரை காய்ந்திருக்க வேண்டும்

கொட்டகைக்குள் உமி, மரத்தூள், கடலைத்தோல் எதையாவது மூன்று, நாலு அங்குலம் பரப்புவோம். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் கடலைத்தோலுக்குக் குறைவில்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் உமி சுலபம். எதுவானாலும் அதில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரித்துப் பாருங்கள். பொலபொலவென உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. மழை நாளில் தினமும் கிளறிவிட வேண்டும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்ததை அன்றன்றே அள்ளி எறிய வேண்டும். கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் தூவிக் கிளறினால் ஈரம் இழுக்கும். தண்ணீர்த் தட்டை ஒரு செங்கல் மேல் தூக்கி வைத்தாலே பாதிச் சிந்தல் குறைந்துவிடும்.

ஈரக்கூளத்தை இவ்வளவு பெரிதுபடுத்துவதற்குக் காரணம் ரத்தக்கழிச்சல். காக்சிடியா என்ற நுண்ணுயிரி கோழி எச்சத்தோடு வெளியேறும்; ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்குப் பழுத்துவிடும். கொத்தித் தின்னும் குஞ்சின் குடலுக்குள் போய் அதைக் கிழிக்கும். மூன்றிலிருந்து ஆறு, ஏழு வாரம் வரையுள்ள குஞ்சுகளைத்தான் அதிகம் தாக்கும். வெளியே விடும் வயதும் அதுவே. குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்மூடி ஓரத்தில் நின்று, எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் மருந்துண்டு. தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்றால் பாதிக் குஞ்சு போய்விடும்.

பூஞ்சை பிடித்த வைக்கோலும் கூடாது. ஈரத்தில் கிடந்த வைக்கோலைப் பரப்பினால் பூஞ்சைத்தூள் குஞ்சின் நுரையீரலுக்குப் போகும். அரிசிக் குருணை, கம்பு, மக்காச்சோளம் என்று மழையில் கட்டிக்கட்டியாகப் போன தீவனத்தையும் ‘கோழிதானே’ என்று போடாதீர்கள். பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும்; போட்ட தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகவும் அது காரணமாகும்.

கொட்டகை அமைப்பைப் பற்றி நிறையச் சொல்லலாம். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும் என்பது வெயிலுக்காகச் சொன்னது. வடகிழக்குப் பருவமழையில் சாரல் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து அடிக்கும். அந்த இரண்டு பக்கத்திலும் தார்ப்பாயோ உரச்சாக்கோ தொங்கவிடுங்கள். மேலே ஒரு அடி திறந்தே இருக்க வேண்டும். குளிருகிறதே என்று நாலு பக்கமும் மூடிவிட்டால் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணைக் கரிக்கும், மூச்சுவிடும் ஈரமும் உள்ளேயே நிற்கும், சளி பிடிக்கும். விடியற்காலையில் கொட்டகைக்குள் குனிந்து ஒரு மூச்சு இழுங்கள். உங்கள் கண்ணில் நீர் வந்தால் குஞ்சுக்கு நிச்சயம் ஆகாது. காற்று குஞ்சின் தலைக்கு மேலே போக வேண்டும், உடம்பின் மேல் அடிக்கக் கூடாது.

வயல் ஓரத்து வீடுகளில் தரைக்கொட்டகை எப்படியும் நனையும். சவுக்குக் கழி நட்டு இரண்டு, மூன்று அடி உயரத்தில் பரண் போட்டுக் கூடு கட்டுவது இங்கே நல்ல வழி. அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தினர் நெல்வயலுக்குள்ளேயே கோழிக் கூண்டைத் தூக்கி நிறுத்தி, எச்சம் கீழே தண்ணீரில் விழ, அங்கே மீன் வளர்க்கும் முறையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். உயரத்தில் இருப்பதால் கால் காய்ந்திருக்கும். ஆனால் இடைவெளி விட்ட தரையின் கீழிருந்து வாடை ஏறும்; இளங்குஞ்சுக்கு அது ஆகாது. பரணில் பாதி இடத்துக்குச் சாக்கை மடித்து விரித்து, மேலே உமி பரப்பிவிடுங்கள். வெள்ளக் காலத்தில் பாம்பும் பெருச்சாளியும் மேட்டைத் தேடித்தான் வரும். அரை அங்குலத்துக்கு மேல் கண் உள்ள வலை குஞ்சுக்கூட்டுக்குப் பிரயோசனப்படாது.

பகலில் பழக்குங்கள்

மூன்றாவது வாரத்திலிருந்தே வெயில் அடிக்கும் பகலில் பல்பை அணைத்துவிடலாம். நாலாவது வாரத்தில், மழை விட்டுத் தரை உலர்ந்த நாளில், காலை பத்து மணிக்கு மேல் பஞ்சாரத்தில், அதாவது கவிழ்த்து மூடும் கூடையில் போட்டு முற்றத்தில் வைக்கலாம். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். பனி இறங்கும் முன், மாலை நாலரை மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிட வேண்டும். மார்கழிக் காலையில் புல் முழுக்கப் பனி நிற்கும். அது உலரும் முன் விட்டால் குஞ்சின் வயிற்றுப் பகுதி நனைந்துவிடும். முழங்கால் உயரம்கூட இல்லாத உயிருக்கு ஒரு சாண் புல்லில் நடப்பதே மழையில் நடப்பதுதான்.

நனைந்துவிட்ட குஞ்சை என்ன செய்வது? துணியால் ஒற்றித் துடைத்து, பல்புக்கு அடியில் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லமோ குளுகோஸோ கலந்து குடிக்கவையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும்.

ஐப்பசியில் மழைக்கு முன்னும் பின்னும் ஈசல் கிளம்பும். அன்றைக்குக் குஞ்சுகளுக்கு விருந்து, தடுக்காதீர்கள். நல்ல புரதம்.

கூட்டத்தில் சேர்க்கும் முன் ஊசி

கோழிக்குஞ்சு வெளியே போய்ச் செத்தால் ‘பனி ஒத்துக்கல’ என்று நாம் காரணம் சொல்லும் பல சாவுகள் வெள்ளைக்கழிச்சலால் வந்தவை. ராணிக்கெட் என்றும் இதற்குப் பெயர். இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கேத் என்ற ஊரில் 1920-களின் பிற்பாதியில் அடையாளம் கண்டதால் வந்தது. இங்கிலாந்தில் நியூகாசில் நோய் என்பதும் இதைத்தான். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கும், மூச்சு இரையும். வந்தபின் மருந்து கிடையாது. மூலிகை உருண்டை, மஞ்சள், சின்ன வெங்காயம் எல்லாம் கோழியின் தெம்புக்கு உதவலாம். தடுப்பூசியின் இடத்தில் அவற்றை வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏழாவது நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து. எட்டாவது வாரத்தில் இறக்கையடித் தோலுக்குக் கீழே ஆர்.டி.வி.கே. அல்லது ஆர்2பி என்ற ஊசி. இந்த எட்டு வார ஊசியைச் சிறு குஞ்சுக்கு அவசரப்பட்டுப் போட்டால் காலிழுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு, வயது வரட்டும். அதற்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்கம் செய்துவிடுவது நல்லது. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். பெரிய கோழிகளோடு சேர்ப்பதற்கு முன் அந்த இரண்டு வாரம் கழிந்திருந்தால் உத்தமம்.

தமிழ்நாட்டில் இந்தத் தடுப்பு மருந்தை இராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிறுவனம் தயாரிக்கிறது. பிப்ரவரி மாதத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறை இருவார முகாம் நடத்தி ஊர் ஊராகப் போடுவது வழக்கம். ஆனால் ஐப்பசியில் பொரித்த குஞ்சு பிப்ரவரி வரை காத்திருக்காது. ஏழாம் நாள் சொட்டுக்கு நாம்தான் கால்நடை மருந்தகத்துக்குப் போக வேண்டும். ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்குக் குறையாமல் மருந்து இருக்கும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வாங்கி வந்தால் வீணாகாது.

கொசு பெருகும் காலம் என்பதால் அம்மையையும் மறக்க வேண்டாம். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வரும். ஆறு, ஏழு வாரத்தில் இறக்கைச் சவ்வில் குத்தும் ஊசி இதற்கு உண்டு. சம்பா அறுத்த வயலில் மேய வரும் வாத்துக் கூட்டத்தோடு உங்கள் குஞ்சுகள் ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாத்திடம் நோய்க்குறி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதனிடமிருந்து கோழிக்கு நோய் தொற்றலாம்.

பெரிய கோழிகளோடு சேர்ப்பது

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1921-ல் தன் ஆய்வேட்டில் இதை விளக்கினார். தீனிக்கு முதலில் வருபவள் யார், பரணில் உள்பக்க இடம் யாருக்கு என்பதெல்லாம் அந்த வரிசைப்படிதான் நடக்கும். புதிதாக ஒரு உயிர் வந்தால் வரிசை கலையும். மறுபடி நிலைபெற ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை கடைசி ஆள் அடிவாங்கிக்கொண்டே இருக்கும். மழையில் கொட்டகைக்குள்ளேயே அடைந்து கிடந்தால் ஓடி ஒளியவும் இடமிருக்காது. அதனால்தான் மழைநாளில் கூட்டத்தில் சேர்ப்பது கோடையைவிடக் கடினம்.

தாய் வளர்த்த குஞ்சுக்கு இந்தத் தொல்லை குறைவு. முதல் நாளிலிருந்தே தாயின் பின்னால் திரிந்து கூட்டத்துக்கு முகம் காட்டியிருக்கும். இரண்டு மாதத்தை ஒட்டித் தாயே கொத்தி விரட்டும்போது, அதற்குத் தன் இடம் எது என்று தெரிந்திருக்கும். மெஷின் குஞ்சுக்கு எதுவும் தெரியாது. அதற்கு வலை வேண்டும். கொட்டகையின் ஒரு மூலையைக் கம்பிவலையால் தடுத்து, குஞ்சுகளை அந்தப் பக்கம் ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். இரண்டு கூட்டமும் பார்க்கும், குரல் கேட்கும், கொத்த முடியாது. வலையின் இருபுறமும் அருகருகே தீனி வைத்தால் பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்னப் பழகிவிடும்.

வெளியிலிருந்து வாங்கிய குஞ்சு என்றால் வலைக்கும் முன்னால் இரண்டு, மூன்று வாரம் முற்றிலும் தனி இடம். தீனி போடும்போது குஞ்சுகளிடம் முதலில் போய், பிறகு பெரிய கோழிகளிடம் போக வேண்டும். பெரிய கோழி வெளியே தெரியாமல் சுமக்கும் கிருமியை நம் காலோடு குஞ்சுக்குக் கொண்டுவராமல் இருக்கத்தான்.

வலையை எடுக்கும் நாளாக மழையில்லாத, வெயிலடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். முற்றத்தில், வயலோரத்தில், விசாலமான இடத்தில் முதல் சந்திப்பு நடக்கட்டும். குஞ்சு பெரிய கோழியில் மூன்றில் இரண்டு பங்கு உருவமாவது இருக்க வேண்டும். பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வாரத்தில் வரும். ஒரே ஒரு குஞ்சைச் சேர்க்காதீர்கள். மூன்று, நாலாகச் சேர்த்தால் அடி பிரிந்துபோகும். தீனித் தட்டு இரண்டு, மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒன்றிலிருந்து விரட்டப்பட்டால் இன்னொன்றுக்கு ஓட வேண்டும்.

பஞ்சாரம் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல தந்திரம் கைவசம் உண்டு. அதை மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்து, உள்ளே குஞ்சுத் தீவனத்தையும் தண்ணீரையும் வையுங்கள். நாலு அங்குலச் சந்தில் குஞ்சு குனிந்து நுழைந்துவிடும். பெட்டைக்கோழி கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். குஞ்சுக்கு அது சாப்பாட்டு இடமும் ஆச்சு, ஒளிவிடமும் ஆச்சு. முதல் அரைமணி நேரம் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு கொத்து, கொஞ்சம் துரத்தல் சகஜம். இடையில் புகுந்து காப்பாற்றினால் வரிசை உருவாவது தள்ளித்தான் போகும். ரத்தம் தெரிந்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள், ரத்தத்தைப் பார்த்தால் எல்லாக் கோழியும் சேர்ந்து கொத்தும். ஒரே ஒரு பெட்டைதான் விடாமல் துரத்துகிறது என்றால், குஞ்சை எடுப்பதைவிட அந்தப் பெட்டையை நாலு நாள் தனியே அடைப்பது பலன் தரும். திரும்பி வரும்போது அது புது ஆளாகிவிடும். அசீல் பெட்டைகளிடம் கூடுதல் கவனம் தேவை. சேவல் பெரும்பாலும் குஞ்சுகளைக் கண்டுகொள்வதில்லை.

முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகள் தின்னாமல் பார்க்க வேண்டும். அதில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நாலு சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். கூட்டம் ஒன்றாகும் வரை எல்லாருக்கும் வளர்கோழித் தீவனத்தையே போட்டு, முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள். பரங்கிப்பேட்டை, கிள்ளைக் கரையில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்?

அடைவதற்குப் பழக்குவது கடைசி வேலை. மெஷின் குஞ்சு இருட்டினால் எங்கே போவது என்று தெரியாமல் வேலியடியில் ஒண்டி நிற்கும்; இரவில் மழை வந்தால் அங்கேயே நனையும், கீரி வந்தால் அங்கேயே போகும். புதுக் கூட்டில் நாலு, ஐந்து நாள் வெளியே விடாமல் அடைத்து வையுங்கள். பிறகு பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது பசியோடு திறந்துவிட்டு, ‘பா… பா…’ என்று கூப்பிட்டுக் கூட்டுக்குள் தீனி போடுங்கள். மூன்று, நாலு மாலையில் பழகிவிடும். அடைந்த பிறகு ஒன்றைப் பிடித்துக் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சை அளவுக்குத் திரண்டிருந்தால் அந்த இரவு அதற்குக் குளிராது. செரிக்கும் தீனியே சூடு கொடுக்கும். காலியாக இருந்தால் யாரோ அதைத் தின்னவிடவில்லை. மாலையில் ஒரு பிடி கம்போ குருணையோ கூடுதலாகப் போடுவது மார்கழிக்கு நல்ல பழக்கம்.

எப்போது தொடங்கலாம்?

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுவடை தையில் சூடு பிடிக்கும். சிந்திய நெல், பூச்சி, காய்ந்த தரை, நல்ல வெயில் என்று கோழி மேய அதைவிட நல்ல காலம் இல்லை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பொங்கலன்று குஞ்சுக்கு எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டுமானால் கார்த்திகை தொடக்கத்தில் பொரித்திருக்க வேண்டும். இருபத்தொரு நாள் முன்னால், ஐப்பசி பாதிக்குள் அடை வைத்திருக்க வேண்டும். அடைமழையில் அடை வைத்தால் இடிச்சத்தத்தில் முட்டை கெட்டுவிடும் என்று கூடையில் கரித்துண்டும் ஆணியும் மிளகாயும் போட்டு வைக்கிறார்கள். போட்டால் நஷ்டமில்லை. உண்மையில் முட்டை கூழாவது, கூடைக்குள் சாரல் அடித்துத் தாய்க்கோழி எழுந்து போவதால்தான். கூடையை வீட்டுக்குள் நனையாத மூலையில் வையுங்கள், மிளகாய் உங்கள் விருப்பம்.

அடை வைக்க வசதியில்லாதவர்கள் கார்த்திகை கடைசியில் நாலு வாரக் குஞ்சை வாங்கலாம். அதுவும் பொங்கலுக்கு எட்டு வாரம் ஆகிவிடும். ஏற்கெனவே ஐப்பசியில் ஐந்து வாரக் குஞ்சோடு நிற்பவர்கள் அவசரப்பட வேண்டாம். பெரிய பெட்டிக்கு மாற்றி, கூளத்தைக் காயவைத்து, பகலில் மட்டும் பஞ்சாரத்தில் விட்டு வந்தால் போதும்.

சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறார்கள். கடலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையமும், விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் கோழி வளர்ப்பு பற்றிச் சொல்லித்தருகின்றன. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962. குஞ்சு சாகத் தொடங்கிய பிறகு கூப்பிடுவதைவிட, பொரித்த ஏழாம் நாள் சொட்டு மருந்துக்காக உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள்.